ஏழு மணிக்குக் கிடைத்த கம்ப்யூட்டர்

இப்போது கட்டைவிரல் அகலத்தில் ஒரு பலகையை வாங்கி, நாற்பது ஐம்பது வருடத்துக்கு முந்திய கம்ப்யூட்டர்களை அதற்குள் ஓட விடுகிறார்கள். அந்தப் பழைய பெரிய கம்ப்யூட்டர் செய்ததையெல்லாம் இந்தச் சின்னப் பலகை அச்சு அசலாகச் செய்துகாட்டுகிறது. அதைக் காணொளி எடுத்துப் போடுகிறார்கள், கீழே ஆயிரம் பேர் 'அபாரம்' என்று எழுதுகிறார்கள். எமுலேஷன் என்று பெயர், பொழுதுபோக்காம். செய்யட்டும், நல்ல வேலைதான். ஆனால் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. எண்பதுகளின் நடுவில், பத்தொன்பது வயதில், மலேசியாவில் தஞ்சோங் காராங் போகும் வழியில் இருந்த ஒரு தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், உட்கார்ந்து இதே வேலையை நான் செய்தேன். பொழுது போகாமல் செய்யவில்லை ஐயா, ஊருக்குத் திரும்பப் பஸ் இல்லை என்பதால் செய்தேன். அதற்குக் கைதட்டவில்லை. திருட்டுப் பட்டம்தான் கட்டப் பார்த்தார்கள்.

கிள்ளானில் ஒரு கடைவரிசையின் மாடியில் அந்தப் பயிற்சி நிலையம் இருந்தது. வாரத்தில் மூன்று நாள், மத்தியானம் இரண்டு மணிக்கு வகுப்பு. ஏதோ ஒரு கம்பெனி புதுசு வாங்கியதும் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டரை இவர்கள் வாங்கி வந்து, ஏர்கண்டிஷன் அறையில் வைத்திருந்தார்கள். துணி அலமாரி உயரம். முகத்தில் ஒரு வரிசை விளக்கு, ஒரு வரிசை சுவிட்ச். பக்கத்தில், டடடட என்று காகிதத்தில் அடித்துத் தள்ளும் ஒரு தட்டச்சு மெஷின். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

கோர்ஸ் முடித்துச் சான்றிதழோடு வந்தால் வேலை தருகிறோம் என்று துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் சொல்லியிருந்தார்கள். சான்றிதழ் இல்லையென்றால் எனக்கு என்ன காத்திருந்தது என்பதில் சந்தேகமே இல்லை. அம்மா மருந்தடிக்கும் கூட்டத்தில் இருந்தார். களைக்கொல்லித் தொட்டியை முதுகில் சுமந்து செம்பனைக் காட்டுக்குள் நடக்கும் வேலை. தோளில் வார் பதிந்த இடம் கறுத்துக் காய்த்துப்போய், விரல் நகமெல்லாம் மஞ்சளாகிவிட்டிருந்தது. "பொண்ணு எப்ப பேரு குடுக்கும்?" என்று கூட்டத்தை வேலை வாங்கும் மண்டோர் என் அம்மாவிடம் இரண்டு முறை கேட்டுவிட்டார். வருடக் கடைசிக்குள் சான்றிதழ் வராவிட்டால் இன்னொரு தொட்டி என் முதுகில் ஏறும்.

அந்தச் சான்றிதழுக்கு ஒரு விதி இருந்தது. அந்தப் பழைய கம்ப்யூட்டரில் முப்பது மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அறை வாசலில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் கிடக்கும். அதில் தேதி, நேரம் எழுதி நாம் ஒரு கையெழுத்து, லெக்சரர் ஒரு கையெழுத்து. யாருக்கு எந்த நேரம் என்று பிரித்துக் கொடுப்பதும் லெக்சரர்தான். காலையும் நாலு மணியும் கிள்ளான்காரர்களுக்கு. தோட்டத்திலிருந்து வந்த எனக்கு மாலை ஏழு. நான் பஸ் மாற வேண்டிய கோலசிலாங்கூரிலிருந்து எங்கள் பக்கம் வரும் கடைசி பஸ்ஸே ஏழரைக்குப் போய்விடும். ஏழு மணிக்குக் கிள்ளானில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் நான் எப்படி வீடு போய்ச் சேர்வது?

அவரிடம் போய்க் கேட்டேன்.

"சார், நேரத்த மாத்திக் குடுங்க சார். ஏழு மணின்னா எனக்குப் பஸ்ஸு இல்ல."

"தூரத்துல இருந்து வர்றவங்கதாம்மா அட்ஜஸ்ட் பண்ணிக்கணும். உனக்காகக் கம்ப்யூட்டரத் தூக்கிட்டுப் போயி பஸ் ஸ்டாண்டுல வைக்க முடியுமாலா?"

வகுப்பே சிரித்தது. அவர் வெள்ளைக்காரர் இல்லை, தமிழர்தான். வேறொரு தோட்டத்தில் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியின் மகன். கிராணி வீடு தோட்டத்தில் தனியாக, வேலி போட்டு, பூச்செடி வைத்து இருக்கும். அந்த வேலிக்கு உள்ளே வளர்ந்தவர்களுக்கு லயத்துப் பிள்ளைகளைப் பார்த்தால் ஒரு தனிக் குரல் வந்துவிடும். அதை நான் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்!

முதல் மாதம் எப்படியோ ஆறு மணி நேரம் தேற்றினேன். அப்பா தோட்டத்து எண்ணெய் மில்லில் பாய்லர்க்காரர். வேலை முடிந்த களைப்போடு மோட்டார் சைக்கிளில் கோலசிலாங்கூர் வரைக்கும் வந்து, எனக்காகக் காத்துக் கிடப்பார். ஒரு நாள் மழையில் சறுக்கி, முட்டி பெயர்ந்துபோய் வந்து நின்றார். அதோடு நான் ஏழு மணிக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

என்னோடு செகிஞ்சானிலிருந்து ஒரு சீனப் பெண் படித்தாள். நெல் போடும் குடும்பம். அவளுக்கும் ஏழு மணிதான். இரண்டாம் மாதமே அவள் கோர்ஸை விட்டுவிட்டாள். போகும்போது, சிங்கப்பூரில் இருந்த அண்ணன் அனுப்பிய ஒரு பலகையை என்னிடம் கொடுத்து, "நீ வெச்சுக்கோ, எனக்கு இத பாத்தாலே தலை வலிக்குது" என்று மலாயில் சொன்னாள். பள்ளி நோட்டு அளவுதான் இருக்கும். பச்சைப் பலகையில் கறுப்புப் பூரான்கள் போலச் சில சிப்புகள், கால்குலேட்டரில் இருப்பதுபோல் ஆறு சிவப்பு எண்கள், இருபத்துச் சொச்சம் பொத்தான்கள். திரை கிடையாது, எழுத்து கிடையாது. எண்களைத் தட்டினால் அது எண்களில் பதில் சொல்லும்.

அதோடு மாரடிக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. வகுப்பில் எங்களுக்கு அந்தப் பெரிய கம்ப்யூட்டரின் கையேட்டை நகல் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அதற்குத் தெரிந்த கட்டளைகள் மொத்தம் முப்பதைத் தாண்டவில்லை. கூட்டு, எடுத்து வை, அங்கே போ, பூஜ்யமா என்று பார் - இவ்வளவுதான் அந்த அலமாரியின் வித்தை. இந்த முப்பதையும் ஒவ்வொன்றாகப் படித்து, 'பெரியது இந்த இடத்தில் என்ன செய்திருக்கும்' என்று பார்த்து அதையே செய்ய இந்தச் சின்னப் பலகைக்குச் சொல்லிக் கொடுத்தால் என்ன? எங்கள் தோட்டத்தில் மண்டோர் வராத நாளில், ஆள் கணக்கெடுக்கும் விடிகாலைப் பெரட்டில் இன்னொருவர் நின்று பேர் கூப்பிடுவார். மண்டோரின் குரல், அதட்டல், நடுவில் வரும் இருமல் வரைக்கும் அப்படியே எடுப்பார். இருட்டில் யார் நிற்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது, ஆள் பிரிந்து வேலைக்குப் போய்விடும். அதேதான்.

சொல்ல எளிது. பெரிய கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பிட் எடுத்துக் கணக்குப் போடும், என் பலகையோ எட்டுதான் எடுக்கும். அதனால் ஒவ்வொரு எண்ணையும் இரண்டாக வெட்டி இரண்டு இடத்தில் வைக்க வேண்டியிருந்தது. கீழ்ப் பாதி நிறைந்தால் மேல் பாதிக்கு ஒன்று ஏற்ற வேண்டும். அதை நான் மறந்துவிட்டேன். இருநூற்று ஐம்பத்தைந்துக்கு அடுத்து பூஜ்யம் வந்து நின்றது. ஏன் என்று தெரியாமல் இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அது பிடிபட்ட அன்றைக்கு நான் போட்ட கூச்சலில், பாம்பு புகுந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் கம்போடு ஓடி வந்தார்.

இன்னொரு தொல்லை கரண்டு. லயத்துக்கு ஜெனரேட்டர் போடுவது சாயங்காலம் ஆறு மணிக்கு. ராத்திரி அதை நிறுத்தினால் பலகையின் ஞாபகம் அத்தனையும் போய்விடும். எண்ணூறுக்கு மேற்பட்ட எண்களை மறுநாள் முதலிலிருந்து தட்ட வேண்டும். தினமும் முக்கால் மணி நேரம் அந்தத் தட்டலுக்கே போகும். இரண்டு மாதத்தில் நோட்டைப் பார்க்காமலே விரல் தட்டப் பழகிவிட்டது. வகுப்பில் கொடுத்த பயிற்சி அத்தனையையும் அந்தப் பலகையில்தான் செய்தேன், நாலாயிரம் வரைக்கும் எண் ஏறும் கடைசிப் பெரிய பயிற்சியையும் சேர்த்து. மாலை ஆறு மணியிலிருந்து நான் யாரோடும் பேசமாட்டேன். "புள்ளைக்கு என்னமோ புடிச்சிருக்கு" என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

கடைசிப் பயிற்சியை எடுத்துப்போய் லெக்சரரிடம் நீட்டினேன். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, நோட்டுப் புத்தகத்தைத்தான் புரட்டினார்.

"ஆறு மணி நேரந்தானே இருக்கு? கம்ப்யூட்டர் பக்கமே வராம இத எப்படிச் செஞ்ச? யார்கிட்ட காப்பி அடிச்ச?"

"காப்பி அடிக்கல சார். வீட்ல செஞ்சேன். இந்தக் கம்ப்யூட்டர் மாதிரியே ஓடுற மாதிரி ஒரு சின்னப் பலகையில செஞ்சு வெச்சிருக்கேன்."

"எங்க? லயத்துலயா? லயத்துல கம்ப்யூட்டரா?" என்று வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். மறுபடியும் சிரிப்பு. "சரி, ஆயுத பூசை லீவு முடிஞ்சி வரும்போது கொண்டா. எல்லாரும் பாக்கறோம். ஓடலைன்னா உனக்குச் சான்றிதழ் கெடையாது."

மூன்று மாதம் உயிரை விட்டுச் செய்த வேலைக்குக் காப்பி என்று பெயர். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "பலகையைக் கொண்டு வரச் சொல்லிட்டாங்கம்மா, அதுக்குத்தான் பரீட்சை" என்று மட்டும் சொன்னேன்.

ஆயுத பூசை அன்று நான் தோட்டத்துக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, சாமி தட்டுக்கு முன்னால் அப்பாவின் ஸ்பேனர்கள், அம்மாவின் மருந்துத் தொட்டி, அரிவாள், நடுவில் வாழை இலையில் என் பலகை. ஒவ்வொரு சிப்புக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். பொத்தான்கள்மேலும் பொட்டு. செம்புக் கம்பிகள் எல்லாம் பளபளவென்று மின்னின. தொட்டால் ஈரம்.

"என்னாம்மா பண்ணி வெச்சிருக்க!"

"ஏண்டி கத்துற? பரீச்சைக்குப் போவுதுன்னு நீதானே சொன்ன? அழுக்கோடவா சாமி முன்னாடி வைப்பாங்க? புளி போட்டுத் தேச்சுக் கழுவுனேன். பாரு, குத்துவெளக்காட்டம் மின்னுது."

குத்துவிளக்குதான்! ஆறு மணிக்குக் கரண்டு வந்ததும் போட்டுப் பார்த்தேன். ஆறு எண்ணும் எட்டு எட்டாக எரிந்துவிட்டு அணைந்துபோயின. நான் அம்மாவைப் பேசாத பேச்செல்லாம் பேசினேன். 'மருந்தடிக்கத்தான் என்னைப் பெத்தியா' என்றுகூடக் கேட்டுவிட்டேன். அன்றைக்குப் படைத்த பொங்கலை அம்மா தொடவே இல்லை. அம்மாவின் மேல் எனக்கு என்ன கோபம்? கிள்ளானில் காட்ட முடியாத கோபத்தை வீட்டில் காட்டினேன், அதுதான் உண்மை.

அப்பா மறுநாள் மில்லில் எண்ணெய் சோதிக்கும் லேபிலிருந்து ஒரு போத்தலில் ஸ்பிரிட் வாங்கி வந்தார். சிப்புகளைக் கத்தி முனையால் ஒவ்வொன்றாகக் கிளப்பி எடுத்தோம். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அப்பா புளியைத் தேய்க்க, அம்மா விசிறியால் வீசிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் பலகைக்கு உயிர் வந்தது. ஏழாம் எண் பொத்தான் மட்டும் குங்குமம் இறங்கிச் செத்துப்போயிருந்தது. பலகையைத் திருப்பி, அந்தப் பொத்தானின் இரண்டு கால்களையும் ஒரு கொண்டை ஊசியால் தொட்டால் ஏழு விழும். ஸ்பிரிட் போட்டும் போகாத சிவப்புக் கறை சிப்புகளின் ஓரத்தில் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது.

லீவு முடிந்து கிள்ளான் போனேன். வகுப்பே அந்த ஏர்கண்டிஷன் அறைக்குள் வந்து நின்றது. பலகையை மேசையில் வைத்ததும் லெக்சரர் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது, பொட்டு வெச்சு கூட்டியாந்திருக்க? மாப்பிள்ளை பாக்கப் போறியா?"

நான் பலகைக்குக் கரண்டு கொடுத்தேன். தட்ட ஆரம்பித்தேன். எண்ணூற்றுச் சொச்சம் எண்கள், நோட்டு இல்லாமல். ஒவ்வொரு ஏழுக்கும் பலகையைச் சாய்த்து, தலையிலிருந்து எடுத்த கொண்டை ஊசியால் தொட்டேன். முதல் ஐந்து நிமிடம் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றது. யாரோ போய் நாற்காலி கொண்டுவந்து எனக்குப் போட்டார்கள். முக்கால் மணி நேரத்துக்கும் மேல் ஆனது.

"ம்... ஒண்ணுலருந்து அறுபது வரைக்கும் கூட்டச் சொல்லு பாப்போம்" என்றார் லெக்சரர். பெரிய கம்ப்யூட்டருக்கு அதை எப்படி எழுதுவோமோ அப்படியே எழுதி, என் பலகைக்குள் ஏற்றி ஓட விட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் வந்தது: 1830. அதே காகிதத்தைப் பார்த்து அவர் பெரிய கம்ப்யூட்டரின் சுவிட்சுகளைப் போட்டார். விளக்குகள் மின்னின, தட்டச்சு மெஷின் படபடவென்று அடித்தது: 806.

"பாத்தியா?" அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பொம்மை பொம்மைதான்லா. அசல் அசல்தான். இந்த லட்சணத்துல கம்ப்யூட்டர் செஞ்சேன்னு சொல்ல வந்துட்டா."

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கரும்பலகைக்குப் போனேன். ஒன்றும் அறுபதும் அறுபத்தொன்று, இரண்டும் ஐம்பத்தொன்பதும் அறுபத்தொன்று, இப்படி முப்பது ஜோடி. முப்பது அறுபத்தொன்று எவ்வளவு? தமிழ்ப் பள்ளியில் ஆறாவது படிக்கும் பிள்ளை சொல்லும்.

"சார், கையால கூட்டுங்க சார். ஆயிரத்து எண்ணூத்து முப்பது. உங்க அசலுக்குத்தான் கணக்கு வரல."

பின்னாலிருந்து ஒரு கிள்ளான் பையன் மெதுவாக, "ஆயிரத்துக்கு மேல போனா அது தப்பாத்தானே சார் வரும்? பெரிய நம்பர் போடாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றான். அவனுக்குப் பக்கத்தில் நின்றவள் அவன் கையைக் கிள்ளுவதை நான் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, இரண்டு விடைக்கும் வித்தியாசம் சரியாக ஆயிரத்து இருபத்து நாலு. பெரிய கம்ப்யூட்டரின் முகத்தில் இருந்த விளக்கு வரிசையைப் பார்த்தேன். ஆயிரத்து இருபத்து நாலுக்கு உரிய விளக்கு எரியவே இல்லை. எத்தனை மாதமாக எரியவில்லையோ! அப்படியானால் கடைசிப் பயிற்சியில் இவர்கள் எல்லாரும் காட்டிய நாலாயிரம் வரைக்குமான கணக்கு எங்கிருந்து வந்தது? நான் கேட்டேன், அந்தப் பையனே சொல்லிவிட்டான். தட்டச்சு மெஷினைக் கம்ப்யூட்டரிலிருந்து பிரித்து, சரியான விடையைக் கால்குலேட்டரில் பார்த்து, கம்ப்யூட்டர் அடித்ததுபோலத் தாங்களே காகிதத்தில் அடித்துக்கொண்டார்களாம். நோட்டுப் புத்தகத்தில் முப்பது மணி நேரக் கையெழுத்து எல்லாருக்கும் பக்காவாக இருந்தது. குளுகுளு அறையில் உட்கார்ந்து எழுந்து போன நேரம் அது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியே படுத்துக் கிடக்கிறது, பூசாரி மட்டும் சீட்டு கிழித்துக் கொண்டிருக்கிறார்.

லெக்சரர் எல்லாரையும் வெளியே அனுப்பினார். என்னை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தாமல் ஒருக்களித்து வைத்தார். அந்த நோட்டுப் புத்தகத்தை மேசையில் விரித்து என் பக்கம் தள்ளினார். இப்போது குரல் மாறியிருந்தது.

"உனக்கு இன்னும் இருபத்து நாலு மணி நேரம் பாக்கி இருக்கும்மா. நடுநடுவுல எடம் விட்டிருக்கு பாரு, தேதி போட்டு எழுதிக்கோ. நான் கையெழுத்து போட்டுடறேன். அடுத்த வாரம் சான்றிதழ் வந்து வாங்கிக்கோ. கம்ப்யூட்டர் ரிப்பேர் விஷயத்த வெளிய பேச வேணாம், என்னா?"

"நான் இந்த நேரமெல்லாம் வரலையே சார். என் பலகையிலதானே செஞ்சேன். அதப் பாத்துட்டுக் குடுங்க சார்."

"பலகைக்கெல்லாம் விதியில எடம் இல்லம்மா. மணி நேரம் இருந்தாத்தான் சான்றிதழ். எழுதுறதும் எழுதாததும் உன் இஷ்டம்."

எழுந்து போயிருக்க வேண்டும். மேசைமேல் அந்தப் புத்தகத்தை வீசி, 'உன் சான்றிதழ் எனக்கு வேண்டாம்' என்று சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருடத்தில் மனதுக்குள் எத்தனையோ தடவை வீசிவிட்டேன். அன்றைக்கு என் கண்ணில் நின்றது அம்மாவின் மஞ்சள் நகம். பேனாவை எடுத்தேன். இரண்டு வரி எழுதியதும் அவர் தன் சட்டைப் பையிலிருந்து கறுப்புப் பேனா ஒன்றை எடுத்து என் நீலப் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மாத்தி மாத்தி எழுதும்மா. ஒரே நாள்ல எழுதுன மாதிரி தெரியக் கூடாது."

மாற்றி மாற்றி எழுதினேன். மாலை ஏழு முதல் எட்டு வரை, ஏழு முதல் எட்டு வரை என்று, நான் வராத இருபத்து நாலு நாளுக்கும் ஓடாத ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்ததாகக் கையெழுத்துப் போட்டேன். மருந்துத் தொட்டி என் முதுகில் ஏறவில்லை. கப்பல் ஆபீசில் அந்தச் சான்றிதழை வாங்கிப் பார்த்து, "முப்பது மணி நேரமா, பரவாயில்லையே" என்று பாராட்டி வேலை கொடுத்தார்கள். காப்பி அடித்தவள் என்று என்னைச் சொன்னபோது நான் பொய் சொல்லியிருக்கவில்லை. பொய் சொன்ன பிறகுதான் என்னை யோக்கியமானவள் என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.